‘பிரேக்’ என்றால் கை போகும், ‘கால்’ என்றால்தான் கால் போகும்: 51 வயதில் மோட்டார் சைக்கிள் பழகிய ஓர் அக்காவின் நிகழ்வு

வண்டி என் கராஜுக்கு வந்தது 2023 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை. ஓட்டிக்கொண்டு வரவில்லை, அக்காவின் மருமகன் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. “மாமி விழுந்திட்டா அண்ணே, கை உடைஞ்சிட்டு, இத செஞ்சு வைங்க, வித்துப்போடுவம்” என்றான். நான் முதலில் வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தேன். இருபது வருடமாக விழுந்த வண்டிகளோடு சீவிக்கிறவன், ஆள் எப்படி விழுந்தார் என்று ஆளைக் கேட்பதைவிட வண்டியைக் கேட்பது எனக்கு லேசு. விழுந்தவர் சொல்வது பாதி பயம், பக்கத்தில் நின்றவர் சொல்வது முக்கால்வாசி சமாளிப்பு.

பழைய 100 சிசி கியர் வண்டி. வலப்பக்க ஹேண்டில் நுனி தேய்ந்திருந்தது, முன் பிரேக் லீவர் மேல்நோக்கி வளைந்திருந்தது, வலப்பக்கக் கண்ணாடி இல்லை, வலது ஃபுட்ரெஸ்ட் பின்னுக்கு மடிந்திருந்தது, சைலன்சரில் கீறல். இடப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. முன் டயரின் வலது விளிம்பில் பக்கவாட்டாக இழுபட்ட அடையாளம், அதில் மணல் அப்பியிருந்தது. காற்றைப் பார்த்தேன், 25 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய முன் சில்லில் 42 இருந்தது. இதெல்லாவற்றையும்விட என் கண் நின்ற இடம் பின் பிரேக் பெடல். அதில் புழுதி அப்படியே படிந்து கிடந்தது. ஐந்து நாள் பழகிய வண்டி, பெடலில் ஒரு செருப்புத் தடம் இல்லை.

“மாமி கால் பிரேக் புடிக்கவே இல்லையாடா?” என்று கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, “சொல்லிக் குடுத்தன்தான் அண்ணே” என்றான்.

இந்த நிகழ்வு முழுக்க அந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அது விளங்க இன்னும் மூன்று மாதம் பிடித்தது.

அக்கா மட்டக்களப்பு ஆரையம்பதிக்காரி, எனக்குச் சொந்தம் இல்லை, ஒரே ஒழுங்கை. எழுதட்டுமா என்று கேட்டபோது “பேர மட்டும் போடாத மனே, மத்ததெல்லாம் எழுது, விழுந்தத மறைச்சு எழுதினா பிறகு அது என்ன எழுத்து” என்றார். அதனால் பேர் இல்லை. வேலை வாவிக்கு அங்கால பட்டிப்பளைப் பக்கம், கள வேலை, ஒரே கட்டடத்துக்குள் இருக்கிற வேலை இல்லை. கொக்கட்டிச்சோலைக்குப் போய், அங்கிருந்து உள்ளுக்குள் உள்ள ஊர்களுக்கும் போக வேண்டும். முந்தி மண்முனையில் பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும் (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை). 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது, ஆனால் பஸ் அப்படியே குறைவுதான். அக்கா பாலத்தடி வரை ஒரு பஸ், அங்கால இன்னொரு பஸ், அது வராவிட்டால் யாராவது ஒருவரின் பைக்கில் பின்னால் என்று போய்க்கொண்டிருந்தார். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே மிதித்தார். அந்த நேரம் மோட்டார் சைக்கிளுக்கு கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 4 லீட்டர் கொடுத்தார்கள், அக்கா வீட்டில் மகனின் வண்டி சும்மா நின்றது, மகன் கட்டாரில். நாலு லீட்டரை வரிசையில் நின்று எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சைக்கிள் மிதித்த மனுஷி. அங்கேதான் யோசனை வந்ததாம்: பெற்றோலும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, இல்லாதது ஓடத் தெரிகிறது மட்டும்தான்.

இவ்வளவு காலமும் ஏன் பழகவில்லை என்று கேட்கிறவர்கள் 1972இல் பிறந்து இங்கே வளர்ந்தவர்கள் இல்லை. அக்காவுக்கு இருபது வயது ஆகும்போது 1992. அந்த யுத்தக் காலத்தில் செக் பொயின்டில் சைக்கிளையே இறங்கித் தள்ள வேண்டும், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் அது யாருடையது, எங்கே போகிறது, ஏன் போகிறது என்று பத்துக் கேள்வி. பொம்பிளைப் பிள்ளை ஓடுவது என்பது அந்தக் கேள்விகளுக்குள்ளேயே வராத விஷயம். பிறகு கலியாணம், பிள்ளைகள், சுனாமி. ஸ்கூட்டியில் பெண்கள் சாதாரணமாகப் போய்வரத் தொடங்கியதை நான் இங்கே பார்த்ததே 2009க்குப் பிறகுதான். அப்போது அக்காவுக்கு முப்பத்தேழு, “இனி என்னத்துக்கு” என்கிற வயது. ஐம்பத்தொன்றில் அந்த “என்னத்துக்கு” போய்விட்டது.

ஸ்கூட்டி வாங்கியிருக்கலாமே என்று நானும்தான் கேட்டேன். 2020இல் இருந்து வாகன இறக்குமதி நின்று போயிருந்த நேரம் அது, பழைய ஸ்கூட்டிக்கே கேட்ட விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அதோடு அக்கா போகிற கிறவல் ரோட்டுகளில் பத்து அங்குலச் சில்லு விழுகிற குழிக்குள் பதினேழு அங்குலச் சில்லு ஏறிக் கடந்துவிடும். அந்தக் கணக்கை அக்காவே சொன்னார், நான் சொல்லவில்லை. சரியான கணக்கு.

முதல் சுற்று

மருமகனுக்கு இருபத்தெட்டு வயது, நல்ல ஓட்டக்காரன், பொறுமையானவனும்தான். மைதானத்தில் ஐந்து பின்னேரம் பழக்கினான். முறை எல்லாரும் செய்கிற அதே முறை: பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, “கிளச்ச விடுங்க மாமி, மெதுவா, எக்சிலேட்டர் முறுக்குங்க, பிரேக் பிரேக்” என்று கத்துவது. சைக்கிள் பழக்குகிற முறை அது. அக்காவுக்குச் சமநிலை தெரியாதா என்ன, நாற்பது வருடம் சைக்கிள் மிதித்தவர். தெரிந்ததைத் திருப்பித் திருப்பிப் பழக்கி, தெரியாததைக் கத்திச் சொல்லியிருக்கிறான்.

ஐந்தாம் நாள் அக்கா மைதானத்தைத் தனியாகச் சுற்றினார், எல்லாருக்கும் சந்தோஷம். ஆறாம் நாள் வீட்டுக்குத் திரும்பும்போது அக்காவே ஓடி வந்தார், மருமகன் தன் வண்டியில் பின்னால். எல் போட் (பழகுகிறவருக்கான அனுமதி) இன்னும் எடுக்கவில்லை, அது சட்டப்படி பிழை, அதையும் எழுதத்தான் வேண்டும். மகனின் ஹெல்மட், தலையில் பானை மாதிரி ஆடுகிறது. காலில் ரப்பர் செருப்பு. ரோட்டில் இருந்து வலப்பக்கம் எங்கள் கொங்கிரீட் ஒழுங்கைக்குள் திரும்புகிற இடத்தில் எப்போதும் மணல் பரவிக் கிடக்கும், கடலோர ஊர், கூட்டினாலும் வரும். பாதி திரும்பும்போது வேலிக்குள்ளிருந்து ஓர் ஆடு. பின்னால் இருந்து மருமகன், “பிரேக்! மாமி பிரேக்!”

அக்கா பிரேக் பிடித்தார். சைக்கிளில் எப்படிப் பிடிப்பாரோ அப்படி, இரண்டு கையாலும்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சைக்கிளில் இரண்டு கை லீவரும் பிரேக். கியர் வண்டியில் வலது கை முன் பிரேக், இடது கை கிளச், பின் பிரேக் வலது காலில். ஆபத்தில் இரண்டு கையையும் இறுக்கினால் இடது கை என்ஜினைச் சில்லிலிருந்து பிரித்துவிடும், அதாவது எக்சிலேட்டரை விட்டால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிற என்ஜினின் பிடி போய்விடும். வலது கை முன் சில்லை மட்டும் பூட்டும். எக்சிலேட்டரும் அதே வலது கையில்தான், அது இன்னும் முறுக்கியபடியே இருந்ததால், கிளச் பிரிந்ததும் என்ஜின் வீரிட்டுக் கத்தியது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து அக்கா இன்னும் இறுக்கியிருக்கிறார். ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழே மணல், டயர் கல்லு மாதிரி இறுகி நிலத்தைத் தொடுகிற பரப்பே குறைந்திருக்கிறது. பூட்டிய முன் சில்லு வெளிப்பக்கம் வழுக்க, வண்டி வலப்பக்கமாகப் படுத்துவிட்டது. வேகம் இருபதுக்குள்தான். ஆடு போய்விட்டது.

வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டில் எலும்பு வெடித்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு, மாதவிடாய் நின்ற பிறகு, எலும்பின் உறுதி குறைகிறது, கை ஊன்றி விழுந்தால் முதலில் போகிற இடங்களில் மணிக்கட்டும் ஒன்று. இருபத்தைந்து வயதுக்காரி இதே மாதிரி விழுந்திருந்தால் உரசலோடு எழும்பியிருக்கக்கூடும். ஆறு கிழமை பிளாஸ்டர். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டது வேறு, அக்காவைக் கேட்டால் கையைவிட அதுதான் கன நாள் எரிந்ததாம்.

அந்த ஆறு கிழமையும் ஒழுங்கை முழுக்க ஒரே கதை. இந்த வயசில இது தேவையா. மகன் கட்டாரில் இருந்து போன் எடுத்து வண்டியை விற்கச் சொன்னான். எனக்கும், உண்மையைச் சொன்னால், விற்பதுதான் சரி என்றுதான் பட்டது. வண்டியைச் செய்து வைத்துவிட்டு, வாங்க ஆள் இருக்கிறது என்று சொல்லத்தான் போனேன். அக்கா பிளாஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, நான் வயசு போனதால விழுந்தனா, தெரியாததால விழுந்தனா? நீ வண்டியப் பாத்தனீ, சொல்லு.”

தெரியாததால் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சரியாகச் சொன்னால், வேறொன்று மிக நன்றாகத் தெரிந்ததால். நாற்பது வருடத்தில் கை படித்த பாடம் அது, ஐந்து பின்னேரத்தில் அழியாது. வண்டியே தொடாத பதினேழு வயதுப் பையனுக்கு அழிக்க வேண்டியது குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

“அப்ப நீ பழக்கு” என்றார். மாட்டேன் என்று சொல்ல வழி இல்லை.

இரண்டாம் சுற்று

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து, கை பலமாகி, மே மாதத்தில் தொடங்கினோம். அதற்கு முதல் எல் போட்டுக்கு எழுதச் சொன்னேன்: மெடிக்கல், எழுத்துப் பரீட்சை, எல்லாம் முறையாக. எழுத்துப் பரீட்சையில் அக்கா லேசாகப் பாஸ், படித்த மனுஷி.

வண்டியில் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழக்குகிறவர்கள் ஆளைத் திருத்தப் பார்க்கிறார்களே தவிர வண்டியை ஆளுக்குத் திருத்துவதில்லை. அக்கா ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வண்டியில் இரண்டு கால் பெருவிரலும்தான் நிலத்தில் பட்டன. குஷன் கடையில் கொடுத்து சீட்டின் பஞ்சை ஓர் அங்குலம் செதுக்கி, இரண்டு ஓரத்தையும் ஒடுக்கினோம், பின் ஷொக்கை மென்மையான நிலைக்கு இறக்கினேன், பாதம் முக்கால்வாசி ஊன்றியது. அந்த முக்கால்வாசிப் பாதம் பாதிப் பயத்தை எடுத்துவிட்டது. கிளச் கேபிள் காய்ந்து கிடந்தது, புதிது போட்டு எண்ணெய் விட்டேன். லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். அந்தப் பழைய கேபிளை நானே பத்துத் தரம் இழுத்தால் முழங்கை வலித்திருக்கும். காற்றை 25க்கும் 28க்கும் இறக்கினேன். தலைக்கு அளவான ஹெல்மட், காலுக்குக் கட்டுகிற சப்பாத்து.

இடம் மைதானம் இல்லை. ஒரு நெல் ஆலையில் நெல் காயவிடுகிற கொங்கிரீட் தளம், அறுவடை இல்லாத மாதம் என்பதால் வெறுமையாகக் கிடந்தது. காலை ஆறு மணி, இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. மருமகன் ஒரு பின்னேரத்தில் ஒன்றரை மணித்தியாலம் பழக்கியிருக்கிறான், கடைசி ஒரு மணித்தியாலத்தில் அக்கா படித்தது களைப்பை மட்டும்தான். இளம் ஆட்கள் ஒரே நாளில் பத்துப் பிழை விட்டு அன்றைக்கே திருந்துவார்கள். அக்கா நேற்று விட்ட பிழையை இன்றைக்குக் காலையில் தானாகத் திருத்திக்கொண்டு வருவார், இரவில் படுத்துக்கிடந்து கையால் கிளச் பிடித்துப் பார்த்தாராம். மெதுவாக ஏறியது, ஏறியது இறங்கவில்லை.

முதல் இரண்டு காலை என்ஜினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. தள்ளுவது, திருப்புவது, ஸ்டாண்டில் ஏற்றுவது இறக்குவது, எந்தச் சாய்வு வரை கை தாங்கும், எந்தச் சாய்வுக்கு மேல் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்று உடம்புக்குக் காட்டுவது. அப்புறம் ஸ்டார்ட், முதல் கியர், எக்சிலேட்டரைத் தொடவே கூடாது. கிளச்சை ஒரு நூல் ஒரு நூலாக விட்டால் ஓர் இடத்தில் வண்டி தானாக ஊரும், கிளச் கடிக்கிற இடம் அது. இரண்டு காலும் தரையில் உரசியபடி பத்து மீட்டர், திரும்பி வருவது, மறுபடி பத்து மீட்டர். நாலு காலை இது மட்டும். பார்க்கிறவருக்கு அலுப்பு, ஆலைக் காவல்காரர் ஒரு நாள் “அக்காக்கு எப்பதான் ஓடக் குடுப்பீங்க” என்று என்னைத் திட்டினார். ஆனால் கிளச் கடிக்கிற இடத்தை இடது கை கண்டுபிடித்த நாளில் இருந்துதான் அந்தக் கை “நான் பிரேக் இல்லை” என்று படிக்கத் தொடங்கியது.

பின் பிரேக் மட்டும் வரவில்லை. மெதுவாகப் போகும்போது “கால் பிரேக்” என்று சொன்னால் கால் போகும். திடீரென்று நான் முன்னால் குறுக்கிட்டு “பிரேக்” என்றால் இரண்டு கையும் இறுகும். பத்துத் தரம் செய்தோம், எட்டுத் தரம் கை. எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. “கைய வெட்டித்தான் போடோணும்” என்றார்.

ஒரு நாள் தளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பிழை அக்காவின் கையில் இல்லை, என் வாயில். ‘பிரேக்’ என்ற சொல்லைக் கேட்ட நாளில் இருந்து அது அக்காவுக்குக் கையில் இருக்கிற சாமான். பிரேக் கட்டை தேய்ந்தது, பிரேக் கம்பி அறுந்தது, எல்லாம் சைக்கிள், எல்லாம் கை. அந்தச் சொல்லைக் காதில் போட்டால் அது மூளைக்குப் போகாமல் நேரே விரலுக்குப் போகிறது. மருமகன் அன்றைக்குப் பின்னால் இருந்து கத்தியதும் அதே சொல். அக்கா அவன் சொன்னதைத்தான் செய்திருக்கிறார், சொன்னபடியே.

அன்றிலிருந்து ‘பிரேக்’ என்ற சொல்லை விட்டுவிட்டோம். “கால்!” என்று மட்டும் கத்துவேன். முதல் தரமே கால் போனது. இரண்டாம் நாள் பத்துக்கு எட்டு, அந்தக் கிழமை முடிய நான் கத்தாமலே குறுக்கே பாய்ந்தாலும் கால் போனது. அக்கா வாய்க்குள் தானே “கால், கால்” என்று சொல்லிக்கொண்டு ஓடினார், ஹெல்மட்டுக்குள் ஏதோ மந்திரம் சொல்கிற மாதிரி இருக்கும்.

(ஸ்கூட்டி என்றால் இந்தச் சிக்கல் வந்திருக்காது, அதில் இரண்டு கை லீவரும் சைக்கிள் மாதிரியே பிரேக்தான். நாற்பது வருடச் சைக்கிள்காரருக்கு ஸ்கூட்டி லேசு என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு நோய். என் கராஜுக்கு வருகிற புதிதாகப் பழகுகிறவர்களின் ஸ்கூட்டிகளில் முன் மட்காட் உடைந்தவை, கேற்றிலும் மதிலிலும் முட்டியவை கனக்க. ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் இருந்து தள்ளும்போது கை எக்சிலேட்டரை முறுக்கிவிடும், வண்டி பாயும், பாய்கிற வண்டி ஆளைப் பின்னுக்கு இழுக்க, பிடித்துத் தொங்குகிற கை இன்னும் முறுக்கும். பிரித்துவிட அதில் கைக் கிளச் கிடையாது. ஆகவே அதிலும் தள்ளும்போது என்ஜின் நிற்க வேண்டும், அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.)

எட்டு

ட்ரயலுக்கு, அதாவது லைசன்ஸுக்கான ஓட்டப் பரீட்சைக்கு, எட்டுப் போட வேண்டும். ஒரு பழக்குகிற இடத்தில் காசு கட்டி இரண்டு நாள் எட்டு மட்டும் பழகினார், அங்கே அவர்கள் கற்பித்தது எட்டு, எட்டு, எட்டுதான், ரோட்டில் ஓடுவது பற்றி ஒரு சொல் இல்லை. சரி, அது அவர்கள் தொழில். அக்கா முதல் தரம் எட்டில் கால் ஊன்றிப் பெயில்.

தளத்தில் சுண்ணாம்பால் எட்டுக் கீறி ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் முன் சில்லையே பார்க்கிறார். “தலைய நிமித்துங்க அக்கா, போற இடத்தப் பாருங்க, சில்லு தானா வரும்” என்றேன். கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும், குழியைப் பார்த்துக்கொண்டு ஓடினால் குழிக்குள்தான் இறங்கும், இது சைக்கிளிலேயே அக்காவுக்குத் தெரிந்தது. ஆனாலும் குனிகிறார். கேட்டால் “நிலம் ஆடுது மனே, அதான் உத்துப் பாக்கன்” என்கிறார்.

நிலம் ஏன் ஆடுகிறது? கண்ணாடி! அக்கா போட்டிருந்தது மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்பதற்கும் ஆன இரட்டைக் கண்ணாடி. கீழ்க்கண்ணால் நிலத்தைப் பார்த்தால் அது வாசிக்கிற தூரத்துக்கான வில்லை, மூன்று மீட்டருக்கு அங்கால உள்ள நிலம் கலங்கித்தான் தெரியும். கலங்கித் தெரிவதால் இன்னும் குனிகிறார், குனிந்தால் இன்னும் கலங்குகிறது. ஓடுவதற்கென்று தூரப்பார்வை மட்டும் உள்ள ஒரு மலிந்த கண்ணாடி செய்தோம். கியர் எத்தனையில் நிற்கிறது என்பதை அதனால் பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை, சத்தம் சொல்லும். இரண்டாம் தரம் எட்டில் கால் ஊன்றவில்லை. நாற்பதைத் தாண்டிப் பழகுகிற யாரையும் இப்போது நான் முதலில் கேட்பது கண்ணாடியைத்தான்.

லைசன்ஸ் கையில் வந்தது ஆடி அமாவாசையில் மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த கிழமையில். அடுத்த திங்கள் முதல் தரம் வேலைக்கு வண்டியில் போனார், நான் பின்னால் இருபது மீட்டர் விட்டு என் வண்டியில். கச்சான் காற்று அடிக்கிற காலம். வீட்டு மதில்களுக்கு இடையில் தெரியாத காற்று மண்முனைப் பாலத்தில் ஏறியதும் இடப்பக்கமாக முன்னால் இருந்து ஒரு தள்ளுத் தள்ளும். அக்காவுக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன், ஹேண்டிலை இறுக்காதே, தோளைத் தளர்த்து, வண்டி கொஞ்சம் ஆடட்டும் என்று. இறுக்கினால் காற்றில் ஆடுகிற உடம்பின் ஆட்டமெல்லாம் கை வழியாக ஹேண்டிலுக்குப் போகும். பாலத்தில் முப்பதில் போனார். பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்து முந்திப் போனான். அக்கா அசையவில்லை.

அங்கால கதை வேறு. படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரை) சிறுபோக அறுவடை, ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருக்கிறார்கள். அதில் சில்லு ஏறினால் மணலைவிட மோசம், குண்டு மணிகளில் ஓடுகிற மாதிரி. நெல்லின் ஓரத்தில் பிரேக்கும் பிடிக்கக்கூடாது திருப்பவும் கூடாது, ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நேராக, எக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு கடக்க வேண்டும். மாடுகள் பகலில் பரவாயில்லை, பொழுதுபட்டால் சூடு பிடிக்க ரோட்டிலேயே படுத்துவிடும், கறுப்பு மாடு கறுப்புத் தாரில். ஆனை வருகிற பக்கங்களும் இருக்கின்றன. அதனால் ஒரு ஒப்பந்தம்: நாலரைக்குப் பிறகு அங்கே நிற்பதில்லை, வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. மாடு குறுக்கே வந்தது என்று கண்டு கால் பெடலை அழுத்தும் முன் ஒன்றரை வினாடி போய்விடும் என்று வைத்தால், நாற்பதில் அதற்குள்ளேயே வண்டி பதினாறு பதினேழு மீட்டர் ஓடிவிடும். முப்பதில் பன்னிரண்டு. அந்த நாலு மீட்டர் ஒரு மாட்டின் இரண்டு மடங்கு நீளம் என்று அக்காவே கணக்குப் பார்த்துக் கொங்கிரீட்டில் காட்டினார்.

அதற்குப் பிறகு எழுத அதிகம் இல்லை. விழவில்லை. மாரியில் ரோட்டுக்கு மேல் வெள்ளம் பாய்ந்த நாட்களில் வண்டியை வீட்டில் விட்டு பஸ்ஸில் போனார். மருமகனுக்கும் அக்காவுக்கும் இடையில் இருந்த சின்ன மனத்தாங்கல், அவன் தன் பிழை என்று நினைத்துக் கொண்டு கிடந்தது, அதுவும் ஒரு நாள் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனதோடு தீர்ந்தது. போகும் வழி முழுக்க அவன் சத்தம் போடவில்லையாம்.

என் கணக்கில் இந்த நிகழ்வு அத்தோடு முடிந்திருந்தது. போன கிழமை சேர்விசுக்கு வண்டி வந்தது. சில்லுகளைக் கழற்றினேன். பின் பிரேக் லைனர் முழுக்கத் தேய்ந்து, இரும்பு தொடுகிற அளவில் நின்றது. முன் லைனர் புதிதாகப் போட்ட மாதிரியே இருந்தது, ஓரத்தில் மினுமினுப்புக்கூட வரவில்லை. லைனர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் குந்தியிருந்தேன். அன்றைக்குப் பெடலில் புழுதியைக் கண்டு மருமகனைக் கேட்ட அதே ஆள் நான். அக்கா இவ்வளவு நாளும் முன் பிரேக்கைத் தொடாமலே ஓடியிருக்கிறார், நான் பழக்கியபடியே. வண்டி நிற்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது, நிறுத்துகிற பலத்தின் பெரும் பங்கு முன் சில்லில்தான். நேரான காய்ந்த தார் ரோட்டில் நாற்பதில் இருந்து இரண்டும் பிடித்தால் பத்துப் பதினொரு மீட்டரில் நிற்கிற வண்டி, பின்னால் மட்டும் பிடித்தால் இருபது மீட்டர் போகும். மணலில் திரும்பும்போது விழாமல் இருக்க நான் போட்ட பாடம், நேர் ரோட்டில் இந்த மனுஷியை இரண்டு மடங்கு தூரம் ஓட வைத்திருக்கிறது. ஒரு மாடு சரியான இடத்தில் நின்றிருந்தால் போதும்.

அக்காவிடம் லைனரைக் காட்டிச் சொன்னேன். பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “கைய மறக்கச் சொல்லி மூணு மாசம் உசிர எடுத்தாய், இப்ப புடிக்கச் சொல்றாய் என்ன?”

ஓம் என்றேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அதே நெல் ஆலைத் தளம். இந்தத் தரம் என்ன சொல்லிக் கத்துவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘பிரேக்’ மட்டும் இல்லை.